தலையாட்டும் சிப்பாய்கள்: வீடியோ கேமுக்குள் படம் எடுப்பது

இந்த அத்தியாயத்தைப் படிக்கும் முன் உங்களுக்கு ஒரு வேலை. ‘ரெட் வெர்சஸ் புளூ’ தொடரின் முதல் பகுதியைத் தேடி எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். வறண்ட பள்ளத்தாக்கு. கோட்டை மாடியில் இரண்டு சிப்பாய்கள் நிற்கிறார்கள். உச்சி முதல் பாதம் வரை கவசம். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கண்ணாடி. வாயும் தெரியாது, கண்ணும் தெரியாது. துப்பாக்கி பிடித்த கை என்பதால் கையை வீசிப் பேசவும் வழியில்லை. இருந்தும் யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதில் நமக்குக் குழப்பமே வருவதில்லை. பேசுகிறவர் தலையை லேசாக மேலும் கீழும் ஆட்டுகிறார். மற்றவர் ஆடாமல் நிற்கிறார். நடிப்பு அவ்வளவுதான். 2003 ஏப்ரல் 1 அன்று இப்படித் தொடங்கிய தொடர், பிற்பாடு அனிமேஷனையும் சேர்த்துக்கொண்டு, 2024 வரை வந்தது.

எடுத்தவர்கள் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டினில் இருந்த பர்னி பர்ன்ஸும் அவருடைய நண்பர்களும். அவர்கள் படம் பிடித்த இடம் ‘ஹேலோ’ என்ற சுடும் விளையாட்டு. ஒருவர் ஒரு சிப்பாயை இயக்குவார், அடுத்தவர் அடுத்த சிப்பாயை. இன்னொருவர் கதையிலேயே இருக்க மாட்டார். அவருடைய சிப்பாயின் கண்தான் கேமரா. அவர் திரையில் தெரிவதைத்தான் பதிவு செய்வார்கள். அந்தத் திரையில் அவருடைய துப்பாக்கியும் குண்டுக் கணக்கும் சேர்ந்து தெரியுமே? படத்துக்கு மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை போட்டு மறைத்தார்கள். பார்த்தவர்களுக்கு அது அகலத்திரைப் படம் மாதிரி இருந்தது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. சிப்பாய்கள் எப்போதும் துப்பாக்கியை நேரே நீட்டியபடிதான் நிற்பார்கள். இரண்டு பேர் சாவகாசமாக வம்பளக்கும் காட்சியில் இருவரும் ஒருவர் நெஞ்சை ஒருவர் குறிபார்த்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? அதற்கு அந்த விளையாட்டில் இருந்த ஒரு பிழையே கைகொடுத்தது. கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தரையைப் பார்த்தால், எதிரில் இருப்பவர் கண்ணுக்கு அந்தச் சிப்பாய் ஆயுதத்தைத் தாழ்த்திவிட்டு நேராகப் பார்ப்பதுபோலத் தெரியும். அதன் பிறகு வந்த ‘ஹேலோ 2’இல், படம் எடுப்பவர்களுக்காகவே துப்பாக்கியைத் தாழ்த்தும் வசதியைச் சேர்த்தது அதை உருவாக்கிய பங்கி நிறுவனம்.

தோல்பாவைக்கூத்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. திரைக்குப் பின்னால் ஒரே ஆள் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுப்பார். பேசுகிற பாவை அசையும், மற்றது சும்மா நிற்கும். தோலில் வெட்டிய உதடு அசையவில்லையே என்று முன்வரிசைக் குழந்தைகூடக் கேட்பதில்லை. கேமில் படம் எடுக்க உட்காரும்போது உங்களை இயக்குநர் என்று நினைத்துக்கொள்வதைவிடப் பாவைக்கூத்துக்காரர் என்று நினைத்துக்கொள்வது நல்லது. ஹாலிவுட் படத்தை மனதில் வைத்துத் தொடங்கியவர்கள் மூன்றாம் நாள் விட்டுவிட்டு ஓடியதைப் பார்த்திருக்கிறேன்.

ஸ்வரத்தாளும் கேசட்டும்

கேமில் நடப்பதைப் பதிவு செய்ய இரண்டு வழிகள் உண்டு. இந்த வேறுபாடு பிடிபடாததால்தான் பலருக்கும் வேலை இரட்டிப்பாகிறது.

முதல் வழி திரையில் தெரிவதை அப்படியே வீடியோவாகப் பிடிப்பது. கச்சேரியைக் கேசட்டில் பிடிப்பது போல. ஓபிஎஸ் என்ற இலவச மென்பொருள் இதற்குப் போதும். எந்த கேமானாலும் பிடிக்கும். ஆனால் பிடித்தது பிடித்ததுதான். கேமரா இரண்டடி தள்ளி இருந்திருக்கலாமே என்று பிறகு தோன்றினால், மறுபடி நடிக்க வேண்டியதுதான்.

இரண்டாவது வழியில் கேம் படத்தைச் சேமிப்பதில்லை. யார் எந்த நொடியில் எங்கே நின்றார், எந்தப் பக்கம் திரும்பினார் என்ற விவரத்தை மட்டும் எழுதி வைத்துக்கொள்கிறது. அது ஸ்வரத்தாள் மாதிரி. வேண்டும்போது அதைப் பார்த்து மறுபடி வாசித்துக் காட்டும். இதில் என்ன லாபம் என்றால், நடிப்பு ஒரு முறைதான். கேமராவைப் பிறகு எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் வைத்துப் பார்க்கலாம். முதலில் தூர ஷாட், அதே நடிப்பை அப்படியே தோளுக்குப் பின்னாலிருந்து இன்னொன்று, பிறகு காலடி உயரத்திலிருந்து ஒன்று. நிஜப் படப்பிடிப்பில் மூன்று கேமரா வாடகைக்கு எடுக்காமல் இது நடக்காது.

இந்தக் கலையே பிறந்தது இரண்டாவது வழியில்தான். 1996 ஜூனில் வெளிவந்த ‘க்வேக்’ விளையாட்டில் ஆடிய ஆட்டத்தை ‘டெமோ’ என்ற சிறு கோப்பாகச் சேமிக்கலாம். நண்பர்களிடம் தன் சூரத்தனத்தைக் காட்டிக்கொள்ள வைத்த வசதி அது. அதே ஆண்டு அக்டோபரில் ‘ரேஞ்சர்ஸ்’ என்ற ஆட்டக் குழு அந்தக் கோப்பைத் திருத்தி, கேமராவை ஆட்டக்காரரின் கண்ணிலிருந்து பிரித்தெடுத்து, ‘டயரி ஆஃப் எ கேம்பர்’ என்று ஒரு படம் எடுத்தது. இரண்டு நிமிடம்கூட இல்லை. குரல் கிடையாது, வசனம் எல்லாம் திரையில் எழுத்தாக வரும். மூலையில் பதுங்கிச் சுடும் ஒருவனை மற்றவர்கள் சேர்ந்து தீர்த்துக்கட்டுகிறார்கள். கடைசியில் பார்த்தால் அவன் அந்த விளையாட்டை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜான் ரொமேரோ. கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் கேம் வைத்திருந்தவர்கள் தங்கள் கணினியில் அந்தச் சிறு கோப்பைப் போட்டு ‘படம்’ பார்த்தார்கள்.

இந்தக் கலைக்குப் பெயர் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ‘மெஷின்’, ‘சினிமா’ இரண்டையும் ஒட்டி ‘மெஷினெமா’ என்று ஆண்டனி பெய்லி ஒரு பெயர் சொன்னார். எடின்பரோக்காரரான ஹியூ ஹான்காக் அதை எழுத்துப் பிழையோடு ‘மெஷினிமா’ என்று எழுத, பிழையே நிலைத்துவிட்டது.

ஸ்வரத்தாள் வழியில் ஒரு ஆபத்து உண்டு. கேமுக்குப் புதுப்பிப்பு வந்தால் பழைய பதிவுகள் திறக்காமல் போகலாம். ஒரு கேமில் பதினோரு ஷாட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, எடிட்டிங்கைத் தீபாவளி விடுமுறைக்குத் தள்ளிப்போட்டேன். விடுமுறையில் திறந்தால் இடையில் வந்த புதுப்பிப்பு எல்லாவற்றையும் விழுங்கியிருந்தது. அன்றன்று எடுத்ததை அன்றன்றே ஒரு முறை வீடியோவாக மாற்றிச் சேமித்துவிடுங்கள், கேமரா கோணம் முடிவாகாவிட்டாலும் பரவாயில்லை.

எந்த கேம்?

‘என்னிடம் இருக்கிற கேமில் எடுக்கலாமா?’ என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று. கேமராவை ஆட்டக்காரரிடமிருந்து பிரிக்க முடியுமா? வரைபடம், உயிர்க்கோடு, குண்டுக் கணக்கு போன்ற திரைக் குறிகளை அணைக்க முடியுமா? பாத்திரம் சும்மா நிற்குமா? மூன்றாவது சின்ன விஷயம்போலத் தெரியும். பல விளையாட்டுகளில் சும்மா நிற்கவிட்டால் பாத்திரம் மூச்சிரைக்கும், துப்பாக்கியைத் துடைக்கும், சோம்பல் முறிக்கும். மரண வீட்டுக் காட்சியில் நாயகன் சோம்பல் முறித்தால் கதை முடிந்தது.

இந்த அத்தியாயத்தின் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்வது ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’. 2013இல் வந்தது; 2015 ஏப்ரலில் கணினிக்கு வந்தபோது ராக்ஸ்டார் எடிட்டர் என்ற படத்தொகுப்புக் கருவியும் டைரக்டர் மோட் என்ற படப்பிடிப்புத் தளமும் கூடவே வந்தன. மூன்று கேள்விக்கும் ‘ஆம்’ சொல்லும். ஆனால் இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான விளையாட்டு. பள்ளிப் பிள்ளைகள் என்றால் ‘மைன்கிராஃப்ட்’ போதும். அதற்கு ‘ரீப்ளே மாட்’ என்ற இலவசச் சேர்க்கை இருக்கிறது, ஸ்வரத்தாள் வழியிலேயே வேலை செய்யும். வீட்டுக்குள் நடக்கும் குடும்பக் கதைக்கு ‘சிம்ஸ்’ வரிசை. முகபாவம் கட்டாயம் வேண்டும் என்றால் வால்வ் நிறுவனம் 2012இல் இலவசமாக வெளியிட்ட ‘சோர்ஸ் ஃபிலிம்மேக்கர்’. அதில் புருவத்தைக்கூட இழுத்து அசைக்கலாம். ஆனால் அது அனிமேஷன் வேலை. ஒரு நிமிடத்துக்கு ஒரு மாதம் உட்காரும் பொறுமை உள்ளவர்களுக்கு.

முதலில் ஊரைச் சுற்றுங்கள்

திரைக்கதையை முடித்துவிட்டு கேமைத் திறக்காதீர்கள். கேமைத் திறந்து, பேனாவும் நோட்டும் வைத்துக்கொண்டு, அந்த ஊரில் இரண்டு நாள் நடங்கள். எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு வெறும் படம்? பாத்திரத்தால் உட்கார முடியுமா? நிறைய கேம்களில் நூறு வகையாகக் கொல்லத் தெரிந்த நாயகனுக்கு நாற்காலியில் உட்காரத் தெரியாது. காபி குடிக்க முடியுமா? முடியாதென்றால் காபிக் கடைக் காட்சியைக் கடை வாசலில் வையுங்கள், ‘கடை மூடியிருக்கு’ என்று ஒரு வசனம் எழுதுங்கள்.

அலெக்ஸ் சான் என்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரான்சில் பிறந்தவர், சீனக் குடியேறிகளின் மகன். பாரிஸின் புறநகரில் வசித்தவர். 2005 அக்டோபர் 27 அன்று கிளிஷி-சூ-புவா என்ற புறநகரில், போலீஸுக்குப் பயந்து மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் பாய்ந்து இறந்துபோனார்கள். அதைத் தொடர்ந்து பிரான்ஸ் முழுக்கக் கலவரம் வெடித்தது. தொலைக்காட்சியில் எரியும் கார்கள் வந்தன. அந்த இளைஞர்கள் ஏன் கொதித்தார்கள் என்பது வரவில்லை என்று சானுக்குப் பட்டது. அதற்கு முன் அவர் படம் எடுத்ததில்லை. நவம்பரில் வெளியான ‘தி மூவீஸ்’ என்ற விளையாட்டை வாங்கினார். சினிமாக் கம்பெனி நடத்தும் விளையாட்டு அது; அதற்குள்ளேயே குட்டிப் படம் எடுக்கலாம். அதே மாதம் 22ஆம் தேதி 13 நிமிடப் படத்தை இணையத்தில் போட்டுவிட்டார். பெயர் ‘தி ஃபிரெஞ்ச் டெமாக்ரசி’.

அந்தப் படத்தை ஒரு முறை கதைக்காகவும் ஒரு முறை இடங்களுக்காகவும் பாருங்கள். விளையாட்டில் பாரிஸ் கிடையாது, அமெரிக்கச் செட்டுகள்தான். பாரிஸ் தெருவாக நிற்பது நியூயார்க் சாயல் கொண்ட தெரு. மின்நிலையம் இல்லாததால் ஒரு குடிசை மின்நிலையமாக நிற்கிறது. குரல் நடிகர்கள் இல்லை; வசனம் எல்லாம் அடியில் எழுத்தாக வருகிறது, அதுவும் தடுமாறும் ஆங்கிலத்தில். குறை என்று எண்ண ஆரம்பித்தால் விரல் போதாது. இருந்தாலும் வேலைக்குப் போன இடத்தில் அவமானப்பட்டுத் திரும்பும் அந்த இளைஞன் மனதில் நிற்கிறான். கலவரத்தின் சூடு ஆறும் முன் படம் வந்துவிட்டது என்பது எனக்கு அதைவிடப் பெரிது. உண்மையான செட்டும் நடிகரும் தேடியிருந்தால் அது அடுத்த வருடப் படமாகியிருக்கும்.

அண்மைக் காலத்தில் இந்த வழியில் வெகு தூரம் போனது ‘கிராண்ட் தெஃப்ட் ஹேம்லெட்’. 2021 ஜனவரி, பிரிட்டனில் மூன்றாவது ஊரடங்கு. நாடக அரங்குகள் மூடியதால் வேலையிழந்த சாம் கிரேன், மார்க் ஊஸ்டர்வீன் என்ற இரண்டு நடிகர்கள், நாம் பயிற்சிக்கு எடுத்திருக்கும் அதே விளையாட்டின் இணைய ஆட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு திறந்தவெளி அரங்கத்தைப் பார்க்கிறார்கள். இங்கேயே ஷேக்ஸ்பியர் நாடகம் போட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஒத்திகை நடுவில் முன்பின் தெரியாத ஆட்டக்காரர்கள் வந்து நடிகர்களைச் சுட்டுத்தள்ளுகிறார்கள். போலீஸ் வருகிறது. செத்தவர் எழுந்துவந்து வசனத்தைத் தொடர்கிறார். இதையெல்லாம் கேமுக்குள்ளிருந்தே சாமும் அவருடைய மனைவி பின்னி கிரில்ஸும் சேர்ந்து ஆவணப்படமாக்கினார்கள். 2024இல் அமெரிக்காவின் சவுத் பை சவுத்வெஸ்ட் விழாவில் ஆவணப்பட நடுவர் பரிசு கிடைத்தது. ஒத்திகைக்கு இடைஞ்சல் செய்தவர்களை வெட்டி எறிந்திருந்தால் அது யாரும் பார்க்காத நாடகப் பதிவாகப் போயிருக்கும்.

கதையே வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. ஆஸ்திரியாவின் ‘டோட்டல் ரெஃப்யூசல்’ குழு ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட்டில் நாயகனை ஓரங்கட்டிவிட்டு, பின்னணியில் துணி துவைக்கும் பெண்ணையும் தெருப் பெருக்குபவரையும் லாயத்தில் வேலை செய்பவரையும் தச்சரையும் மட்டும் பின்தொடர்ந்தது. ஆட்டக்காரர் கவனிக்கவே கவனிக்காத துணைப் பாத்திரங்கள். பெருக்கிய இடத்தையே பெருக்கிக்கொண்டு, அடித்த ஆணியையே அடித்துக்கொண்டு நாள்தோறும் வேலை செய்கிறார்கள். ‘ஹார்ட்லி வொர்க்கிங்’ என்ற அந்தக் குறும்படத்துக்கு 2023இன் ஐரோப்பியத் திரைப்பட விருது கிடைத்தது. உங்கள் கேமில் மூலையில் நிற்கும் பெட்டிக்கடைக்காரர் நாள் முழுக்க என்ன செய்கிறார் என்று ஒரு முறை நின்று பாருங்கள்.

பயிற்சி: மழையில் ஒருவன்

இரண்டு நிமிடப் படம். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவன் ராத்திரி மழையில் தெருவோரம் நிற்கிறான். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய வாட்ஸ்அப் குரல் பதிவு ஓடுகிறது. கேட்டு முடித்ததும் நடந்து போய்விடுகிறான். இவ்வளவுதான். லாஸ் ஏஞ்சல்ஸைப் பார்த்துச் செய்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’ விளையாட்டின் ஊருக்கு இந்தக் கதை பொருந்தும். திரையில் யாரும் பேசுவதில்லை என்பதால் உதட்டசைவுத் தொல்லையும் இல்லை.

குரலை முதலில் பதிவு செய்யுங்கள். படம் எடுத்துவிட்டுக் குரல் சேர்ப்பது சினிமா வழக்கம். இங்கே தலைகீழாகச் செய்ய வேண்டும். பொம்மையின் நடிப்பில் நாம் கூட்டிக் குறைக்க அதிகமில்லை. நீளம், இடைவெளி, மூச்சு எல்லாம் குரலிலிருந்துதான் வரும். குரலை மட்டும் கண்ணை மூடிக் கேட்டுப் பாருங்கள். வானொலி நாடகமாக நிற்காத படம் கேமிலும் நிற்காது.

அம்மா குரலுக்கு என் அத்தையைப் பிடித்தேன். எழுதிக்கொடுத்த வசனத்தை அவர் வாசித்தது மாநிலச் செய்திகள் மாதிரி இருந்தது. நாலு டேக் ஆன பிறகு தாளை வாங்கி வைத்துவிட்டு, “அத்தை, நான் அமெரிக்காவுல இருக்கேன்னு வச்சுக்கோங்க. நாலு நாளா நீங்க போன் பண்ணி நான் எடுக்கல. எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க” என்று சொல்லிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டேன். போனில் வந்து விழுந்தது: “ஏம்ப்பா, ஒரு வார்த்த பேசக்கூட நேரமில்லையா ஒனக்கு? சோறு தின்னியா இல்லையான்னு கேக்கத்தான் போடுறேன். பெருசா வேற ஒண்ணுமில்ல...” நடுவில் ஒரு பெருமூச்சு. எங்கேயோ குக்கர் விசில். மொத்தம் 38 நொடி. என் வசனத்தைக் கிழித்துப் போட்டேன்.

குக்கர் விசில் இந்தப் படத்துக்குப் பொருந்தியது, எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. மற்ற குரல்களுக்கு மின்விசிறியை நிறுத்துங்கள், துணி நிறைந்த பீரோவைத் திறந்துவைத்து அதன் பக்கம் திரும்பிப் பேசச் சொல்லுங்கள். துணி எதிரொலியை உறிஞ்சிக்கொள்ளும். போன் மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். ஆடி மாதம் வேண்டவே வேண்டாம். தெருமுனை அம்மன் கோவில் குழாய் ஒலிபெருக்கி எந்தப் பீரோவுக்கும் அடங்காது.

இனி படப்பிடிப்பு. இடைநிறுத்தத் திரையில் ராக்ஸ்டார் எடிட்டர் பகுதிக்குள் டைரக்டர் மோட் இருக்கும். நடிகரைத் தேர்ந்தெடுங்கள். பளபளப்பான நாயகர்களை விட்டுவிட்டு, கசங்கிய சட்டை போட்ட சாதாரண ஆளாகப் பார்த்து எடுங்கள். நேரம் நள்ளிரவு, வானிலை மழை. தெருவில் ஆள், வண்டி நடமாட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் தனித்தனி அமைப்பு இருக்கிறது. குறைத்துவையுங்கள், ஆனால் முழுக்க அணைக்காதீர்கள். ஆளே இல்லாத நகரம் பேய்ப்படமாகிவிடும்.

இந்த விளையாட்டில் ஒரு முழு நாள் நம் கடிகாரத்தில் 48 நிமிடம். அதாவது அங்கே ஒரு மணி நேரம் இங்கே 2 நிமிடம். ராத்திரிக் காட்சியில் இது பெரிய தொல்லையில்லை. மாலை வெயிலில் எடுக்கிறீர்கள் என்றால் ஒரு டேக்குக்கும் அடுத்த டேக்குக்கும் நடுவில் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சூரியன் இறங்கியிருக்கும். ஒட்டிப் பார்த்தால் ஒரே உரையாடலில் நிழல் குதிக்கும். ஒவ்வொரு டேக்குக்கு முன்னும் நேரத்தைப் பழையபடி திருப்பிவையுங்கள்.

டைரக்டர் மோடில் ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் இயக்க முடியும். இரண்டு பேர் பேசும் காட்சி வேண்டுமென்றால் ஒருவராக நின்று ஒரு பதிவு, ஆளை மாற்றி எதிர்ப்பக்கம் நின்று இன்னொரு பதிவு, பிறகு மாற்றி மாற்றி வெட்டி ஒட்ட வேண்டும். இருவரும் ஒரே சட்டகத்தில் தெரிய வேண்டுமென்றால் இணைய ஆட்டத்தில் ஒரு நண்பரைக் கூப்பிட வேண்டியதுதான். உரையாடலில் ஒரு தந்திரம் சொல்கிறேன்: பேசுகிறவரைக் காட்டாதீர்கள், கேட்கிறவரைக் காட்டுங்கள். வசனம் முதுகுப் பக்கமிருந்து வரட்டும். உதடு பொருந்தவில்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது, காட்சியும் கனமாகும்.

பதிவைத் தொடங்கிவிட்டு, குரலைப் போனில் ஓடவிட்டு, அதன் தாளத்துக்கு நடியுங்கள். நடிப்பு என்றால்? நிற்பது. பெருமூச்சு வரும் இடத்தில் ஆளைக் கால்வாசி திருப்புவது. குரல் முடிந்து மூன்று நொடி கழித்து நடக்க ஆரம்பிப்பது. நடக்கும் விசையை அரைகுறையாகத் தள்ளினால் மெதுவாக நடப்பான். கீபோர்டில் அந்த நிதானம் வராது, ஒரு கேம்பேடு வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது கேமரா. கற்றுக்குட்டியின் கை இங்கேதான் தெரிந்துபோகும். எடிட்டரில் எங்கும் பறக்கும் சுதந்திரக் கேமரா ஒன்று கிடைக்கும். கையில் கிடைத்ததும் எல்லாரும் அதைப் பட்டம் விடுவதுபோலப் பறக்கவிடுவார்கள்: கட்டட உச்சியிலிருந்து சுழன்று இறங்கி, காருக்கு அடியில் நுழைந்து, நாயகன் மூக்கு நுனியில் வந்து நிற்கும். நிஜத்தில் எந்த ஒளிப்பதிவாளராலும் செய்ய முடியாத அந்த ஒரு ஷாட்டிலேயே இது கேம் என்று பார்ப்பவருக்கு உறைத்துவிடும். என் விதி எளிமையானது. ஒரு முக்காலி, ஒரு தள்ளுவண்டி, ஒரு தோள், இந்த மூன்றில் எதிலாவது வைக்க முடிந்த இடத்தில் மட்டும் கேமராவை வையுங்கள். உயரம் ஆள் கண்மட்டம். நகர்த்தினால் நடக்கிற வேகத்தில் நகர்த்துங்கள். எப்படியும் ஆளைவிட்டு வெகுதூரம் போக எடிட்டர் விடாது.

அடுத்து லென்ஸ். விளையாடும்போது பக்கவாட்டில் வரும் எதிரி தெரிய வேண்டும் என்பதற்காக கேம் கேமராக்கள் அகலமாகப் பார்க்கும். அந்த அகலத்தோடு முகத்துக்குக் கிட்டே போனால் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். கேமராவைத் தள்ளி வைத்து, ஜூமை ஏற்றுங்கள். பின்னணித் தெருவிளக்குகள் மங்கலாகும்படி குவியத்தை ஆளின் மேல் வையுங்கள். மழைநீர் தேங்கிய சாலையில் அந்த மங்கல் விளக்குகள் விழும்போது, இந்த ஒரு ஷாட்டுக்காகத்தான் இவ்வளவு பாடு என்று உங்களுக்கே தோன்றும்.

நான்கு ஷாட் போதும். தூரத்திலிருந்து தெருவும் அவனும். முதுகு. முகம், பாதி இருட்டில். மறுபடி முதல் தூர ஷாட், அவன் நடந்து சட்டகத்தைவிட்டு வெளியே போகும்வரை. வெட்டும் இடத்தைக் குரல் தீர்மானிக்கட்டும்; வாக்கியம் முடியும் இடத்தில் வெட்டாமல், அடுத்த வாக்கியத்தின் முதல் சொல்லுக்குப் பிறகு வெட்டிப் பாருங்கள்.

ஒலியில் விளையாட்டின் பின்னணி இசையையும் பேச்சையும் முழுக்க இறக்கிவிட்டு, மழையையும் தூரத்து வண்டிச் சத்தத்தையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். காரில் உட்காரும் காட்சி என்றால் வானொலியை அணையுங்கள். அதில் ஓடுபவை உரிமம் பெற்ற உண்மையான பாடல்கள். விளையாட்டு நிறுவனம் விளையாட்டுக்குத்தான் உரிமை வாங்கியிருக்கிறது, உங்கள் படத்துக்கு இல்லை.

உரிமை விஷயம்

செட்டு, உடை, நடிகர் எல்லாம் இன்னொருவர் சொத்து. பெரும்பாலான நிறுவனங்கள் ரசிகர் படங்களைக் கண்டுகொள்வதில்லை, சில வரவேற்கவும் செய்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2007இலேயே தன் விளையாட்டுகளில் படம் எடுப்பவர்களுக்கு என்று விதிகளை எழுதி வெளியிட்டது. சாரம் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இலவசமாகக் காட்டலாம், விற்கக் கூடாது, நிறுவனமே எடுத்த படம் என்ற தோற்றம் வரக் கூடாது. விளம்பர வருமானம் போன்ற இடங்களில்தான் ஆளுக்கொரு விதி. அந்தந்த நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிட்டே தொடங்குங்கள். விழாவுக்கு அனுப்புவதாக இருந்தால் விழாக் குழுவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். படத்தின் கடைசியில் விளையாட்டின் பெயரைப் போடுங்கள், அது மரியாதையும்கூட.

முதல் பார்வையாளர்

படம் முடிந்ததும் கேம் ஆடும் நண்பரிடம் காட்டாதீர்கள். ‘ஃபிரேம் ரேட் எவ்வளவு’ என்பார். கேமே ஆடாத ஒருவரிடம் காட்டுங்கள். ஆடிப் பழகிய கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரிவதே இல்லை. திரைப்பதிவு முறையில் நான் எடுத்த ஒரு படத்தில், இடதுகீழ் மூலையில் குட்டி வரைபடம் மூன்று நொடி தெரிந்தது. நானும் என் நண்பர்களும் பத்துத் தடவை பார்த்தும் கண்டுபிடிக்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் ‘அது என்ன, டிவி சேனல் சின்னமா?’ என்று கேட்டவர் எங்கள் கட்டடத்து வாட்ச்மேன் அண்ணன்.

மழைப் படத்தை அத்தையிடம்தான் முதலில் காட்டினேன். தன் குரலைக் கேட்டு முதலில் வெட்கப்பட்டார். பிறகு உற்றுப் பார்த்தார்.

“அந்தா போறவன் கொடை வச்சிருக்கான், இந்தா போறவளும் வச்சிருக்கா. இவன் மட்டும் ஏன் நனையிறான்?”

விஷயம் இதுதான்: இந்த விளையாட்டில் மழை வந்தால் தெருவில் போகிறவர்கள் குடை விரிப்பார்கள், நாம் இயக்கும் ஆளுக்குக் குடை பிடிக்கத் தெரியாது. அதை மாற்றக் கணினி நிரலைத் தோண்ட வேண்டும். விளக்கிச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டு, போனை எடுத்துப் பதிவு பொத்தானை அழுத்தி அவர் முன்னால் வைத்தேன். “அவன்கிட்டயே கேளுங்க அத்தை.”

இப்போது அந்தக் குரல் பதிவு 43 நொடி. அவன் நடக்கத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் வந்து முடிகிறது: “மழைன்னு சொன்னாங்க அங்க. கொடை எடுத்துட்டுப் போனியா?”